ஐந்தாம் வகுப்பு கட்டும் நூலகம்

8 ஜூலை 2025, செவ்வாய்

ஊருக்கு ஒரு நூலகம் வரையச் சொன்னேன். வந்ததெல்லாம் மாடி. ஒன்றின் உச்சியில் ஹெலிகாப்டர் வேறு. பாதிப் படங்களில் வாசலே இல்லை. பிள்ளைகளை என்ன சொல்ல? பெரியவர்களும் முகப்புக் கண்ணாடியில்தானே தொடங்குகிறார்கள். "சரி, இதுக்குள்ள யாரெல்லாம் வருவாங்க?" என்றேன். ஆயா, கைக்குழந்தையோடு அத்தை, கால் நடக்க வராத பக்கத்து வீட்டு அண்ணன், பால்வாடிப் பிள்ளைகள். பட்டியலைப் பலகையிலிருந்து அழிக்கவில்லை.

10 ஜூலை, வியாழன்

தெருவில் வாசல்களைப் பார்த்து வந்தோம். செட்டிநாட்டு வீட்டின் முகப்பு, வளவு (உள்முற்றம்) படங்களை எடுத்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. ஒரு பெண் சொன்னாள்: "திண்ணை வீட்டுல மீன்காரம்மா கூடையை இறக்கிட்டு உக்காருவாங்க டீச்சர். கேட் போட்ட வீட்டுல பெல் அடிச்சிட்டு வெயில்லயே நிப்பாங்க."

15 ஜூலை, செவ்வாய்

இன்று முழுக்கச் சாய்தளம், சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை. பள்ளி வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ., மொத்தம் 45. ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம் வேண்டும் என்பது கணக்கு. 540 செ.மீ.! சாக்பீஸால் கோடு போட்டால் வேப்பமரத்தில் போய் முட்டியது. "செங்குத்தா வெச்சா நீளம் குறையும்ல?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. படிமேல் இரண்டு மீட்டர் பலகையைச் சாய்த்து, அரிசி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியைக் கொடுத்தேன். நான்கு பேர் தள்ளியும் பாதிக்கு மேல் ஏறவில்லை. அப்புறம் அவர்களே சாக்பீஸ் கோட்டை மடக்கினார்கள். மடங்கும் இடத்தில் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும் என்பதை மட்டும் நான் சொன்னேன். மரம் தப்பியது.

17 ஜூலை, வியாழன்

அட்டையில் மாதிரி. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய ஜாலிச் சுவர்களின் படத்தைக் காட்டினேன். செங்கல்லுக்கு நடுவே விட்ட இடைவெளியில் காற்றும் வெளிச்சமும் வரும். தீப்பெட்டிகளை அடுக்கி அதேபோலச் செய்தார்கள். "உள்ள யாரு இருக்காங்கன்னு வெளியிலேர்ந்து தெரியலையே, புதுசா வர்றவங்க பயப்படுவாங்க" என்று ஒரு ஆட்சேபம். எனக்குத் தோன்றாதது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் வந்தது, ஒன்றாம் வகுப்பின் குட்டைப் பையனை நிறுத்தி அளந்த உயரத்தில். சாய்தளம் திரும்பும் சமதளத்தை ஒட்டி ஒரு திண்ணையும் வந்தது.

கழிப்பறை எங்கே என்பதில் சண்டை. பின்னால் ஒளித்து வை என்கிறார்கள் பையன்கள். இருட்டினால் அவ்வளவு தூரம் யார் போவது என்கிறார்கள் பெண்கள். நான் பெண்கள் பக்கம்.