வாட்ச் ரிப்பேர் கடை அப்பாக்கள்

சின்ன ஊரில் வாட்ச் ரிப்பேர் செய்தே குடும்பத்தைக் கரை சேர்த்த மனிதர்களைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும். அவ்வளவு நுணுக்கமான வேலை அது. சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்துக்குள், முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் சின்னச் சக்கரமான பேலன்ஸ் வீலை ஆட்டுவிக்கும் ஸ்பிரிங், தலைமுடி கனம்கூட இருக்காது. ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, சாமணத்தால் அதைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். பழைய கடிகாரங்கள் பலவும் ஒரு மணி நேரத்துக்கு 18,000 தடவை துடிப்பவை. துளி தூசி போதும், ஓட்டம் தடுமாறிவிடும்.

அந்த மேஜையில் உட்கார்ந்தபடியேதான் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை, வயதானவர்களின் மருந்து எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டார்கள். கடை திறக்காத நாளில் வருமானம் கிடையாது.

1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போகப் போக அதன் விலை சரிந்து, ரிப்பேர் செய்வதைவிடப் புதிதாக வாங்குவதே மலிவு என்றானது. அப்புறம் செல்போன். பேட்டரி மாற்றுவது, ஸ்ட்ராப் மாட்டுவது என்று தொழில் சுருங்கிய பிறகும் பலர் கடையை மூடவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் வேறு எந்த வேலைக்குப் போவது? கடன்பட்டாவது பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், தங்கள் நாற்காலியில் மட்டும் உட்கார விடவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ இந்தத் தொழில் செய்தவரென்றால், அவருடைய சாமான்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எது எதற்கு என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.