எந்த வெப்காமிக்ஸில் (இணையத்தில் வரும் படக்கதை) தொடங்கலாம்?

என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அர்சுலா வெர்னனின் 'டிக்கர்' என்பேன். சுரங்கம் தோண்டித் தோண்டி வழிதவறிய ஒரு வாம்பாட் (வளை தோண்டும் ஆஸ்திரேலிய விலங்கு), ஏதோ ஒரு கோயிலுக்குள் வந்து தலைநீட்டுகிறது. எதிரே பேசும் பிள்ளையார் சிலை! அவருடைய நிதானமான பேச்சுக்காகவே படிக்கலாம். கறுப்பு வெள்ளைதான், ஆனால் கோடுகளில் அப்படியொரு உழைப்பு. 2012-இல் அறிவியல் புனைவு, மிகைபுனைவு படைப்புகளுக்கான ஹியூகோ விருது வாங்கியது. முக்கியமாக, கதை முடிந்துவிட்டது. பாதியில் அம்போவென்று நின்றுபோன தொடர்களால் நொந்தவர்கள் தைரியமாக இறங்கலாம்.

அப்புறம் 'எக்ஸ்கேசிடி'. குச்சி மனிதர்கள்தானே என்று நினைக்காதீர்கள். படத்தின் மேல் மவுஸை வைத்தால் ஒரு வரி வரும், பல நேரம் அசல் நகைச்சுவையே அதில்தான். அதில் 2013-இல் வந்த 'டைம்' என்ற காமிக் தனி ரகம்: ஒரே பக்கம், நாலு மாதம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

'கேர்ல் ஜீனியஸ்'? படம் அழகு. பாத்திரங்கள்தான் எனக்குக் கொஞ்சம் கூட்டம்.