கொசுப்புழு படிக்கிறேன்

34 வயசுல சமுதாயக் கல்லூரில பப்ளிக் ஹெல்த் டிப்ளமோ சேந்துருக்கேன்னு சொன்னா செல்லூர்ல எங்க தெருவே சிரிக்குது, "கொசு மருந்து அடிக்க ஒரு படிப்பாப்பா"ன்னு டீக்கடை அண்ணே வேற.

நேத்து கிளாஸ்ல 1854 லண்டன் காலரா கதை. ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டரு செத்தவங்க வீடெல்லாம் எங்கெங்க இருக்குன்னு கணக்கெடுத்துக்கிட்டே வர்றாரு, பாத்தா முக்காவாசி பிராட் ஸ்ட்ரீட்ல ஒரே அடிபம்பச் சுத்தித்தான் கெடக்கு, ஆளுகள்ட்ட பேசி கைப்பிடியவே கழட்ட வச்சுட்டாரு மனுசன். தண்ணில காலரா பரவும்னு ஊரே நம்பாத காலம்யா அது!

அதே வேகத்துல வீட்டுக்கு வந்து டார்ச்ச எடுத்துட்டு மாடிக்குப் போனா, அப்பத்தா மல்லிச்செடித் தொட்டிக்கு அடில வச்ச பிளாஸ்டிக் தட்டுல புழு நெளியுது. தலைகீழா தொங்கிக்கிட்டு வாலுப் பக்கத்துக் குழாயால மூச்சு விடுது. தண்ணிய கொட்டுனா மட்டும் பத்தாது அப்பத்தா, டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டை காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்கா தாங்கும், தேச்சுக் கழுவணும்னேன். "இதப் பாக்கவாடா பீஸ் கட்டுன"ன்னு ஒரே வசவு.

இன்னிக்கு காலைல பாத்தா அப்பத்தா பக்கத்து வீட்டு சிமெண்ட் தொட்டிய எட்டிப் பாத்து சண்டை போட்டுக்கிட்டு நிக்கிது. கைல என் டார்ச்சு 😂