வண்டி ரிப்பேரா?

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவுக்கு வடகிழக்கே, குவின்னட் கவுண்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) குடிவந்த மூன்றாவது வாரம். பால் வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன். பக்கத்தில் ஒரு கார் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு பாட்டி, "வண்டி ரிப்பேரா?" என்றார். சும்மா நடக்கிறேன் என்றேன். நம்பவில்லை. யாரையாவது கூப்பிடட்டுமா என்றார், பாவம்.

அவர்மேல் தப்பில்லை. எங்கள் பகுதி குடியிருப்புக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. பெட்டிக்கடைக்குக்கூட அனுமதி கிடையாது. நடைபாதை பாதியில் புல்லுக்குள் காணாமல் போகும். கடை எதிரிலேயே தெரியும், நடுவில் ஆறு வழிச் சாலை. அடுத்தடுத்த இரண்டு சிக்னல்களுக்கு நடுவில் குறுக்கே கடக்கக் கூடாது என்பது ஜார்ஜியா சட்டம். சிக்னல் வரை நடந்து, பொத்தானை அமுக்கி, எதிர்ப்பக்கம் அதே தூரம் திரும்பி நடந்தேன். வீடு சேர்வதற்குள் பால் கேன் வியர்த்து, கைப்பை நனைந்துவிட்டது.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். ரயிலைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அட்லாண்டாவின் மார்ட்டா ரயில் எங்கள் கவுண்ட்டி எல்லை வருமுன்பே டோராவில் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. காசு தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். காசு காரணம் இல்லையாம், ஓட்டு! 1971இல் ரயில் வேண்டுமா என்று கேட்டார்கள், குவின்னட் மக்கள் வேண்டாம் என்றார்கள். ரயிலோடு கறுப்பின மக்களும் வந்துவிடுவார்கள் என்ற பயம் அன்று பலருக்கு. 1990இலும் வேண்டாம், 2019இலும் வேண்டாம். 2024இல் பஸ் சேவையை விரிவாக்க வரி கேட்டார்கள். அப்போது நான் இங்கேதான் இருந்தேன், ஓட்டுத்தான் இல்லை. அதுவும் தோற்றது. வீட்டு வாசலுக்கு பஸ் வருகிறேன் என்றால் வேண்டாம் என்பார்களா? எங்கள் மதுரையில் பஸ் நிற்காமல் போனால் மறியல் நடக்கும்.

அம்மாவுக்கு இதைச் சொன்னால் புரிவதில்லை. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து, கறிவேப்பிலை வாங்கவும் திருப்பரங்குன்றத்தில் ஏறி பெரியார் நிலையம் வரை போய் வருகிறார்.

சரி, நானும் லைசென்ஸ் எடுத்துவிட்டேன், பழகியும் விட்டேன். அம்மாவுக்குத்தான் நான் கார் ஓட்டுவது பயம். "பேசாம பஸ்ல போயேன்டி" என்பது தினமும் உண்டு. விளக்கி அலுத்துப்போய், நேற்று பஸ்ஸில்தான் போனேன் என்று சொல்லிவிட்டேன்.

"எத்தனாம் நம்பர்?"

வாயில் வந்த நம்பரைச் சொன்னேன்.

"உட்கார இடம் கிடைச்சுதா?"

"ஜன்னலோரமே கிடைச்சுதும்மா."