மிச்சமான பெயிண்ட்

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்த அன்று, பெயிண்டர் அண்ணன் மிச்சத்தை வாசல் சாக்கடையில் ஊற்றப் போனார். "அண்ணே, வேண்டாம், அப்படியே வைங்க" என்று ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். அந்தச் சாக்கடை எங்கள் ஊர்க் கண்மாயில்தான் போய் விழுகிறது. அங்கேதான் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன.

அரை வாளி எமல்ஷன் நன்றாகவே இருந்தது. குச்சியால் கலக்கிப் பார்த்தேன். கட்டி இல்லை, புளித்த வாடையும் இல்லை. பக்கத்துத் தெரு அக்கா மாடிச் சுவருக்கு ஆசையாக வாங்கிப் போனார். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததில் மணலைக் கொட்டிக் கிளறி, மூடாமல் நிழலில் காயவிட்டேன். சில நாளில் கட்டியாகிவிட்டது.

பிரஷ் கழுவிய டர்பன்டைனை ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன். அசையாமல் விட்டால் பெயிண்ட் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.

பரணில் அப்பா காலத்து எனாமல் டப்பா ஒன்றும் கிடைத்தது. அதை மட்டும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய இந்தப் பெயிண்டில் ஈயம் எவ்வளவோ, குழந்தைகள் இருக்கும் வீட்டு ஜன்னலில் அது ஏறக்கூடாது. 2016 திடக்கழிவு விதிகளில் பெயிண்ட் டப்பா, வீட்டு அபாயக் கழிவு என்று இருந்தது. தனியாகக் கட்டி, குப்பை வண்டி அக்காவிடம் சொல்லியே கொடுத்தேன்.