எனக்கு வேலை கற்றுத்தந்தவர்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளராக நான் சேர்ந்தபோது, எனக்கு வேலை கற்றுத்தந்தவர் அங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாக மெக்கானிக்காக இருந்த கறுப்பினத்தவர் ஒருவர். ஓடும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்றுநேரம் கண்ணை மூடி நிற்பார்; பிறகு, "இந்த பேரிங் ஒரு வாரம் தாங்காது" என்பார். பெரும்பாலும் தாங்காது. எந்த இயந்திரம் எந்தத் தேதியில் எப்படி ஒலித்தது என்பதையெல்லாம் சட்டைப்பையில் வைத்திருந்த சிறிய நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். கோயம்புத்தூரில் நான்கு ஆண்டுகள் பொறியியல் படித்துவிட்டு வந்த எனக்கு அந்த நோட்டிலிருந்துதான் தொழில் வந்தது.

எனக்கு முன்பே மூன்று மேற்பார்வையாளர்களை அவர் பழக்கிவிட்டிருந்தார். நீங்கள் ஏன் அந்தப் பதவிக்கு வரவில்லை என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு முறை விண்ணப்பித்ததாகவும், கணினிப் படிவத்தில் பட்டம் இல்லை என்று குறித்ததும் எவரும் பார்க்காமலே மறுப்பு மின்னஞ்சல் வந்துவிட்டதாகவும் சொன்னார். பகல் ஷிப்டில் அதே பதவியில் இருந்த வெள்ளையருக்கும் பட்டம் கிடையாது. அந்த விதி வருவதற்கு முன்பே உயர்ந்துவிட்டவர் அவர். பட்டம் இல்லாமலே அவர் அந்த வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தார் என்பதுதான் என்னை உறுத்தியது.

இதே மாநிலத்தில், டிரேப்பர் என்ற ஊரிலிருந்த டியூக் பவர் நிறுவனத்தின் மின்நிலையத்தில் நடந்ததைப் பின்னால்தான் படித்தேன். அங்கிருந்த 95 பணியாளர்களில் 14 பேர் கறுப்பர். அத்தனை பேரும் கூலிப் பிரிவில் வைக்கப்பட்டிருந்தார்கள். அப்பிரிவின் மிக உயர்ந்த ஊதியம் மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த ஊதியத்தையும் எட்டவில்லை. 1955-இல் அந்த மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப்பள்ளிச் சான்று கட்டாயமாயிற்று. வேலையில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2 அன்றே, நிறுவனம் பொது அறிவுத்திறன் தேர்வு ஒன்றையும் இயந்திரத்திறன் தேர்வு ஒன்றையும் புதிதாகச் சேர்த்தது. வில்லி கிரிக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் தொடுத்த வழக்கில், வேலைத்திறனோடு தொடர்பில்லாத தகுதி விதி ஓர் இனத்தாரைப் பெருமளவில் வெளியே தள்ளுமானால், நோக்கம் எதுவாயினும் அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சான்றில்லாத வெள்ளையர் அங்கே நன்றாக வேலைசெய்து பதவி உயர்வும் பெற்றுவந்ததைத் தீர்ப்பே சுட்டிக்காட்டுகிறது. அதைப் படித்தபோது எங்கள் பகல் ஷிப்டுதான் என் கண்முன் வந்தது.

ஊரிலுள்ள உறவினர்களிடம் இதைப் பேசினால், சென்னையில் பிறந்த இந்திரா நூயி 2006-இல் பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாகவில்லையா, அங்கே திறமைக்குத் தடையில்லையே என்பார்கள். இந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களைப் போன்றோர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அந்தப் பட்டத்துக்காகவே விசா பெற்று வருகிறவர்கள். என் ஆசானோ தரம் குறைந்த பள்ளிகள் மட்டுமே திறந்திருந்த குடும்பங்களின் வழியில் வந்தவர். கோடைக்காலப் பயிற்சியாளராக நுழைந்து 2009-இல் ஜெராக்ஸின் தலைமைக்கு உயர்ந்த அர்சுலா பர்ன்ஸ், பெரிய அமெரிக்க நிறுவனமொன்றின் தலைமைச் செயல் அதிகாரியான முதல் கறுப்பினப் பெண். அவருக்கும் பொறியியல் பட்டங்கள் இருந்தன. தலைமைக்குப் போகும் ஏணியின் முதல் படி மேற்பார்வையாளர் பதவி என்றால், எங்கள் தொழிற்சாலையில் அந்தப் படியே வெட்டப்பட்டிருந்தது.

இதில் என் பங்கும் உண்டு. வேலை அறிவிப்பு ஒன்றைத் தயாரித்தபோது, பட்டம் கட்டாயம் என்ற வரியைப் பழைய அறிவிப்பிலிருந்து நானே யோசிக்காமல் எடுத்து ஒட்டியிருக்கிறேன். அதை மாற்றும்படி மனிதவளத் துறைக்குப் பலமுறை எழுதினேன். "பட்டம் அல்லது அதற்கு ஈடான பணி அனுபவம்" என்று திருத்தம் வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

புதிய அறிவிப்பு பலகையில் ஒட்டப்பட்ட அன்று அவர் அதை நின்று முழுவதும் படித்தார். ஓய்வுபெற அவருக்கு ஏழு மாதமே இருந்தது; விண்ணப்பிக்கவில்லை. மறுநாள் இரண்டாம் ஷிப்டிலிருந்து கறுப்பின இளைஞர் ஒருவரைத் தோளில் கைபோட்டு அழைத்துவந்து, அந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.