ஜிப்சி மேஜர்: கவிழ்த்து வைத்த என்ஜின்

நம் பள்ளியின் தொழிற்பிரிவில் படித்தவர்களுக்குக் கரும்பலகையில் இருந்த அந்த என்ஜின் படம் மறந்திருக்காது. மேலே சிலிண்டர், கீழே பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க். டி ஹாவிலாண்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமான என்ஜினான ஜிப்சி மேஜரை அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால்தான் விளங்கும்.

1935 நவம்பர் 1 அன்று திருவனந்தபுரத்திலிருந்து அஞ்சல் பைகளோடு பம்பாய்க்குப் பறந்தது டாட்டாவின் ஃபாக்ஸ் மாத். நாகர்கோவிலும் திருவிதாங்கூரில் இருந்த காலம் அது. அந்த வகை விமானத்துக்கு ஜிப்சி 3 அல்லது ஜிப்சி மேஜர் பூட்டினார்கள். டைகர் மாத் என்ற பயிற்சி விமானத்துக்கும் மேஜர்தான். 1932இல் வந்த என்ஜின்: வரிசையாக நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 118 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 140 மி.மீ., 130 குதிரைத்திறன். கவிழ்த்ததால் கிராங்க் மேலே வந்து, அதோடு புரொப்பெல்லர் தரையிலிருந்து உயர்ந்தது, விமானிக்கு முன்பக்கம் நன்றாகத் தெரிந்தது.

இதற்குக் கொடுத்த விலை ஆயில். நிறுத்தி வைத்த என்ஜினில் ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிந்து ஹெட்டில் தேங்கும். திரவம் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் ஆனால் கனெக்டிங் ராடு வளையும். ஆகவே ஸ்டார்ட் செய்யும் முன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முதலில் சக்கரத்துக்குக் கட்டை, சுவிட்ச் இரண்டும் ஆஃப், திராட்டில் (வேகக் கட்டுப்பாடு) மூடல். அப்படியும் என்ஜின் எந்த நேரமும் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று எண்ணியே புரொப்பெல்லரைத் தொட வேண்டும். ஓடும் திசையில் மெதுவாக இழுங்கள். இரண்டு முழுச் சுற்றில் நான்கு சிலிண்டரும் ஒருமுறை கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் கட்டத்தை, கடந்துவிடும். எதிர்த்துத் தள்ளி ஸ்பிரிங்போல் இசைந்தால் நலம். ஒன்று மட்டும் தொளதொளவென்று போனால் வால்வையோ ரிங்கையோ பாருங்கள். கல்லில் முட்டியதுபோல் நின்றால் ஆயில்! அங்கே பலம் காட்டக் கூடாது. பின்னோக்கிச் சுற்றவும் கூடாது. சுற்றினால், திறந்த இன்லெட் வால்வு வழியே ஆயில் எரிபொருள் கலவை வரும் குழாய்க்குள் போய், ஸ்டார்ட் செய்ததும் திரும்பி வரும். சிலிண்டருக்கு இரண்டாக எட்டு பிளக்கையும் கழற்றி, வடியவிட்டு, துடைத்து மாட்ட வேண்டும். பொறுமையில்லாதவர் இதைத்தான் தவிர்ப்பார்கள்.

அடியில் இருக்கும், வால்வைத் திறக்கும் ராக்கர்களின் மூடிகளுக்குத் தனியாக ஆயில் ஊற்ற வேண்டும். டாங்க் நிறைந்திருப்பது அதற்குக் கணக்கல்ல.

நம் கடற்கரைக் காற்றில் இரும்புச் சிலிண்டரின் ஃபின் (சூட்டை வெளியேற்றும் தகடு) துருவேறும், அலுமினிய ஹெட் வெள்ளையாகப் பூக்கும். அதைவிட மோசம் குளவி. காற்று நுழையும் வாயிலும் ஃபின் இடுக்கிலும் மண்கூடு கட்டிவிட்டால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்று போகாது, சூடேறி வால்வு கருகும். டார்ச் அடித்து, ஒவ்வொரு இடுக்காகப் பார்த்த பிறகே என்ஜினின் மேலுறையான கவுலிங்கை மூட வேண்டும்.